கிரவுண்டு இருந்த இடத்தில் பூங்கா

சென்னையில் 'கிரவுண்டு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். மனை வாங்குபவருக்கு அது 2,400 சதுர அடி. தெருப் பிள்ளைகளுக்கு அது பந்து விளையாடும் இடம். முதலாவதற்குப் பத்திரம் உண்டு, பட்டா உண்டு, அரசு வழிகாட்டி மதிப்பு உண்டு. இரண்டாவதற்குப் பெரும்பாலும் 'அப்பா காலத்திலிருந்தே இங்கேதான் ஆடுகிறோம்' என்ற பேச்சு மட்டும்தான் ஆதாரம். அப்படிப்பட்ட ஒரு திடலைச் சுற்றி உள்ளாட்சி அமைப்பு கம்பி வேலி போட்டு, நடைபாதை அமைத்து, பூங்கா என்று பெயர்ப்பலகை வைக்கும்போது கோப்பில் எதுவும் குறைவதில்லை. திறந்தவெளியாக இருந்த இடம் திறந்தவெளியாகவே இருக்கிறது. சொல்லப்போனால் பச்சை கொஞ்சம் கூடியிருக்கிறது. மாறுவது அங்கே வருகிற ஆட்கள்.

சென்னையிலும் அதன் புறநகர்களிலும் மற்ற நகரங்களிலும் இந்த மாற்றம் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் நடக்கிறது. சர்வேயர் வந்து எல்லைக்கல் நடுகிறார். பொக்லைன் வந்து மேடு பள்ளத்தை நிரவுகிறது. பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் மிதித்து மிதித்து இறுக்கிய பிட்ச் அரை மணி நேரத்தில் காணாமல் போகிறது. சில வாரங்களுக்கு ஜல்லிக் குவியல் கேலரியாகவும் சிமென்ட் மூட்டை ஸ்டம்பாகவும் ஆகி, மிச்சம் இருக்கிற மூலையில் ஆட்டம் தொடரும். பிறகு வேலி எழுகிறது. பேவர் பிளாக் பாதை, அதன் ஓரத்தில் கிரானைட் பெஞ்சுகள், கொரியன் புல், ஊஞ்சல், சறுக்குமரம், மஞ்சளும் நீலமுமாகப் பெயின்ட் அடித்த உடற்பயிற்சிக் கருவிகள், கூழாங்கல் பாதை, எட்டு வடிவப் பாதை. முன்பு அதே மண்ணில் எட்டுப் போட்டுப் பழகியவர்கள் ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகிறவர்கள். இப்போது எட்டுப் போடுகிறவர்கள் சர்க்கரை அளவைக் குறைக்க நடப்பவர்கள்.

இடம் எப்படிக் கரைகிறது என்பதைச் சாதாரணக் கணக்கே காட்டிவிடும். 60 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் உள்ள ஒரு திடலின் பரப்பு 2,400 சதுர மீட்டர். ஏறத்தாழ 11 கிரவுண்டு. வேலியோரம் நான்கு பக்கமும் 3 மீட்டருக்குச் செடி, அதை ஒட்டி 3 மீட்டருக்கு நடைபாதை என்று விட்டால் நடுவில் மிஞ்சுவது 48-க்கு 28, அதாவது 1,344 சதுர மீட்டர். பாதிக்குச் சற்றே மேல். அதில் ஒரு மூலை சின்னக் குழந்தைகளுக்கு, ஒரு மூலை கருவிகளுக்கு, நடுவில் ஒரு குடை மண்டபம் அல்லது நீரூற்று. நீரூற்று, திறப்பு விழா அன்றாவது, ஓடும். இத்தனையும் போக எஞ்சும் புல்தரையில் ஒரு ஓவர் பந்து வீசக்கூட இடம் இருக்காது. இருந்தாலும் வீச முடியாது. வாசலில் இருக்கும் பலகை அதைப் பார்த்துக்கொள்கிறது: பந்து விளையாடக் கூடாது, சைக்கிள் ஓட்டக் கூடாது, புல்வெளியில் நடக்கக் கூடாது, கூட்டம் கூடக் கூடாது, செல்லப் பிராணிகளை அழைத்து வரக் கூடாது. அந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்தால், முன்பு அந்த இடத்தில் என்னென்ன நடந்தன என்பதற்கு அது நல்ல குறிப்பாக இருக்கும்.

அடுத்தது நேரம். காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் மட்டும் திறந்து, நண்பகலில் பூட்டிவைப்பது பல பூங்காக்களில் நெடுங்கால வழக்கம். நடைப்பயிற்சி செய்பவருக்கு அதில் குறையில்லை. கோடை விடுமுறையில் பகல் முழுவதும் வீட்டில் அடைந்து கிடக்கும் பிள்ளைக்கும், இரவுப் பணி முடித்துவிட்டுப் பதினொரு மணிக்கு நிழல் தேடும் தொழிலாளிக்கும் அந்தப் பூட்டுதான் பூங்கா.

இதில் இழப்பு மட்டுமே இருப்பதாகச் சொல்வது நேர்மையாகாது. வேலியில்லாத திடலுக்கு இன்னொரு முகம் உண்டு, அது பெரும்பாலும் இரவில் தெரியும். உடைந்த மது பாட்டில்கள், லாரி வந்து கொட்டிவிட்டுப் போகும் கட்டடக் கழிவு, ஒதுங்கி நிற்கும் பழைய கார்கள். பந்து பட்டு உடைந்த சன்னல் கண்ணாடிக்கு யார் பணம் தருவது என்ற சண்டை, திடலை ஒட்டிக் குடியிருக்கும் எந்த வீட்டுக்கும் புதிதல்ல. ஆக்கிரமிப்பில் தனியாருக்கு அரசு இளைத்ததில்லை. காலி இடம் என்று கண்ணில் பட்டால் ஒரு துறை மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி கட்டும். தொட்டியை ஒட்டி இன்னொரு துறை மின்மாற்றி வைக்கும். அப்புறம் ரேஷன் கடை, குப்பை வண்டிகள் நிற்க ஒரு கொட்டகை. ஐந்தாறு ஆண்டுகளில் திடல் ஒரு சந்தாகச் சுருங்கிவிடும். பூங்கா என்று வேலி போட்ட பிறகு இந்த அரிப்பு பெருமளவு நின்றுவிடுகிறது. நிலத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் பூங்காவாக்கு என்று குடியிருப்போர் நலச் சங்கங்கள் கேட்பதற்கு இந்த அனுபவமே முதற்காரணம்; அதில் நியாயமும் இருக்கிறது.

பெண்கள் விஷயத்தில் நியாயம் இன்னும் அழுத்தமானது. திடல் எல்லோருக்கும் பொது என்பது பேச்சுக்குத்தான். மாலை ஐந்து மணிக்கு இருபது இளைஞர்கள் ஆடிக்கொண்டிருக்கும் மண் தரையில் ஒரு நடுத்தர வயதுப் பெண் தனியாக நடந்துவிட முடியாது. பத்து வயதுக்கு மேற்பட்ட சிறுமிகளை அங்கே பார்ப்பதே அபூர்வம். விளக்கு, நடைபாதை, காவலாளி, கழிப்பறை ஆகியவற்றோடு பூங்கா வந்ததும் அதே பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஷூ மாட்டிக்கொண்டு வருகிறார்கள். முதியவர்களுக்கு அது மருத்துவர் எழுதித் தந்த மருந்தைப் போலவே அன்றாடத் தேவை. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் 1990களில் நடந்த ஆய்வும் இதைத்தான் கண்டது: ஒன்பது, பத்து வயதுக்குப் பிறகு பொது விளையாட்டிடங்களில் சிறுமிகளின் எண்ணிக்கை சடாரென்று குறைகிறது, சிறுவர்களின் எண்ணிக்கை அப்படிக் குறைவதில்லை. அந்த நகரம் செய்தது கவனிக்கத்தக்கது. ஐந்தாம் வட்டாரத்தில் இரண்டு பூங்காக்களை எடுத்துக்கொண்டு, ஒரே பெரிய ஆடுகளமாக இருந்ததைப் பிரித்து, பூப்பந்து, கைப்பந்துக்கு இடம் ஒதுக்கி, பாதைகளையும் விளக்குகளையும் சீர்செய்தார்கள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள். ஆட்டத்தை ஒழித்துவிட்டு அதைச் சாதிக்கவில்லை என்பதுதான் இங்கே பொருந்துகிற செய்தி.

இழப்பவர்கள் யார் என்பதும் அதே அளவு தெளிவு. பன்னிரண்டிலிருந்து இருபத்தைந்து வயதுவரையான பையன்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு கிடைக்கும் மெக்கானிக், டெலிவரி, கடைத் தொழிலாளர்கள். வீட்டில் இரண்டாவது அறை இல்லாதவர்கள். திடல் என்பது அவர்களுக்குக் கூடமும் முற்றமும் சேர்ந்தது. அம்மன் கோயில் கூழ் வார்ப்பு, கரகாட்டம், கல்யாணப் பந்தி, துக்க வீட்டுக்கு வந்தவர்கள் உட்கார நாற்காலி, அரசியல் கூட்டம், வெள்ளக் காலத்தில் உணவுப் பொட்டலம் எல்லாம் அங்கேதான். தமிழ் ஊர்ப்பெயர்களில் இந்த வகை இடத்தின் சுவடு இன்னும் இருக்கிறது. மயிலாப்பூரை அடுத்த மந்தைவெளி, பெயரளவில் மாடு மேய்ந்த வெளி. யாழ்ப்பாணத்துக் கோட்டையின் அருகே முற்றவெளி. தஞ்சாவூரில் திலகர் திடல். வெளி, திடல், பொட்டல், மந்தை, களம் என்று மொழி ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் வைத்திருந்தது, ஒவ்வொன்றின் வேலையும் வேறு என்பதால். நகர நிர்வாகத்தின் மொழியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சொல்: திறந்தவெளி.

சட்டத்தில் நிலைமை விசித்திரமானது. தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டிலேயே பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பாதுகாக்கவும் ஒழுங்குபடுத்தவும் சட்டம் வந்துவிட்டது. தலைப்பிலேயே மூன்றையும் தனித்தனியாக அது சொல்கிறது. ஆனால், சென்னைப் பெருநகரின் முழுமைத் திட்ட வரைபடத்தில் திறந்தவெளி, பொழுதுபோக்கு என்று ஒரே வகைப்பாடுதான். நீதிமன்றங்களுக்குப் போன புகழ்பெற்ற வழக்குகளும் பசுமை நிலத்துக்கும் கட்டடத்துக்கும் இடையிலானவை. பெங்களூரு ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அங்கே வசிப்பவர்கள் தொடுத்த வழக்கில், 1991-இல் உச்ச நீதிமன்றம் குடியிருப்பவர்கள் பக்கம் நின்றது. திறந்தவெளி பற்றிய விவாதங்களில் இன்றும் மேற்கோளாவது அந்தத் தீர்ப்புதான். கட்டடம் வந்தால் எதிர்க்க அது ஆயுதம். திடல் பூங்காவாகும்போது எதை வைத்து எதிர்ப்பது? எதிர்த்தரப்பில் இருப்பது மரமும் புல்லும். மரத்துக்கு எதிராக மனுப் போடுபவரை யாரும் நல்லவராகப் பார்க்கமாட்டார்கள்.

இங்கிலாந்தில் ஆடுகளத்துக்கும் மற்றத் திறந்தவெளிக்கும் உள்ள வேறுபாட்டுக்கு நடைமுறையில் மதிப்பு உண்டு. 0.2 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட ஆடுகளத்தைப் பாதிக்கும் திட்டம் எதுவானாலும், 'ஸ்போர்ட் இங்கிலாந்து' அமைப்பின் கருத்தை உள்ளாட்சி கேட்டாக வேண்டும். கருத்துக் கேட்கும் இந்தக் கடமை 1996-இல் வந்தது. ஆடுகளம் போனால் அதற்கு ஈடான அல்லது அதைவிட நல்ல ஆடுகளம் வேறிடத்தில் கிடைக்க வேண்டும் என்பது அந்த அமைப்பு முன்வைக்கும் முக்கிய நிபந்தனைகளில் ஒன்று. அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்பதல்ல. போவது எது என்று ஒருவர் கணக்கெழுதுகிறார், அவ்வளவுதான்.

ஈடான ஆடுகளம் இங்கே வேறிடத்தில் கிடைக்குமா? தமிழ்நாட்டின் கட்டட விதிகளில் திறந்தவெளி ஒதுக்கீடு என்று ஒன்று உண்டு. ரியல் எஸ்டேட் உலகில் அதற்கு ஓ.எஸ்.ஆர். என்று பெயர். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலாக, 10 சதவீத நிலத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை, நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பின்படி பணமாகவும் கட்டிவிடலாம். அதற்கு மேல் நிலமாகவே தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். ஒரு முழு அளவுக் கால்பந்துத் திடல் 105-க்கு 68 மீட்டர், அதாவது 7,140 சதுர மீட்டர், 32 கிரவுண்டு. அத்தனை நிலம் 10 சதவீதமாக வர வேண்டுமென்றால், மனைப்பிரிவு சாலைகள் போக 71,400 சதுர மீட்டர் இருக்க வேண்டும். ஏறக்குறைய பதினேழரை ஏக்கர். அந்த அளவில் மனைப்பிரிவு போடுகிறவர்கள் குறைவு. போட்டாலும் ஒதுக்கீட்டு நிலம் ஒரே சதுரமாக வருவதில்லை. விற்க முடியாத மூலை, மின்கம்பி போகும் ஓரம் என்று துண்டு துண்டாக வரும். ஆக, இந்த விதியால் நகரத்துக்குக் கிடைப்பவை சின்னப் பூங்காவுக்குத்தான் லாயக்கான துண்டுகள். புதிய பூங்காக்கள் பிறந்துகொண்டே இருக்கும். புதிய மைதானம் பிறக்க வாய்ப்பு மிகக் குறைவு. இருக்கிற மைதானத்தைப் பூங்காவாக்குவது, மலிவாகக் கிடைப்பதைப் பெறுவதற்காகக் கிடைக்காததைக் கொடுப்பது.

பழைய நகரத் திட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தது. 1920களில் மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை அமைத்தபோது (ஏரியைத் தூர்த்தது சரியா என்பது ஒவ்வொரு மழைக்கும் கேட்கப்படும் தனிக் கேள்வி) நடைக்கும் அமர்வுக்கும் பனகல் பூங்காவும் நடேசன் பூங்காவும் அந்தப் பகுதிக்குக் கிடைத்தன. ஆட்டத்துக்கு சோமசுந்தரம் மைதானம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த மைதானத்தில் ஒரே நேரத்தில் பல ஆட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கும்; ஒரு அணியின் மிட்-ஆஃப் இன்னொரு அணியின் விக்கெட் கீப்பருக்குப் பின்னால் நிற்பார். யாருடைய பந்து எது என்பது ஆடுகிறவர்களுக்குத் தெரியும். சற்றுத் தள்ளிப் பூங்காவில் முதியவர்கள் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டும் இருப்பதால் ஒன்றின் மேல் ஒன்றுக்குப் பொறாமை இல்லை.

பூங்கா என்ற பெயரும் நிரந்தரக் காப்பல்ல. சென்னை மாகாண ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் காலத்தில், 1859-60 வாக்கில், நகரத்து எளிய மக்களுக்கென்று திட்டமிடப்பட்ட 'பீப்பிள்ஸ் பார்க்' 116 ஏக்கர். அதன் நிலத்திலும் ஓரங்களிலும் விலங்குக் காட்சிசாலை, விக்டோரியா அரங்கம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக வந்தன. இன்று பார்க் டவுன், பார்க் ஸ்டேஷன் என்று ரயில் நிலையப் பெயர்களில் பூங்கா ஒட்டிக்கொண்டிருக்கிறது.

திடல்கள் ஏன் பூங்காக்களாகின்றன என்பதற்குப் பணமும் ஒரு காரணம். மண் திடலுக்குச் செலவு கிடையாது. செலவில்லாத இடம் வரவுசெலவுக் கணக்கில் தலைகாட்டாது. கணக்கில் இல்லாததை ஆண்டு இறுதி அறிக்கையில் சாதனையாகக் காட்ட முடியாது. பூங்காவுக்கு மதிப்பீடு, ஒப்பந்தம், கல்வெட்டு, ரிப்பன் எல்லாம் உண்டு. மத்திய அரசு 2015-இல் தொடங்கிய 'அம்ருத்' திட்டத்தில் குடிநீர், கழிவுநீருடன் பசுமை வெளிகளும் பூங்காக்களும் தனித் தலைப்பாக இடம்பெற்று, திட்டச் செலவில் 2.5 சதவீதம் வரை அதற்குக் கிடைத்தது. விளையாட்டு மைதானத்துக்கு அதில் அப்படித் தனித் தலைப்பு இல்லை. நிதி எந்தப் பெயரில் வருகிறதோ அந்தப் பெயருக்கு நிலம் மாறிக்கொள்கிறது.

மைதானத்துக்குப் பணம் வரும்போதும் சிக்கல் தீர்வதில்லை. செயற்கைப் புல் விரித்து, வலை கட்டி, விளக்குப் போட்ட 'டர்ஃப்' ஆனதும் அதற்கு வாடகை வந்துவிடுகிறது. 2024 அக்டோபர் இறுதியில் சென்னை மாநகராட்சி மன்றம் 9 கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்புக்கு விட்டு, ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் ஓரிரு நாளிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. அணிக்கு ஏழு பேர் வீதம் ஆடினாலும் மணிக்கு 1,680 ரூபாய். கால்பந்துக்குப் பேர்போன வியாசர்பாடி போன்ற பகுதிகளில் இந்தத் தொகை என்னவாக ஒலித்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அந்தத் தீர்மானம் இரண்டே நாளில் ஊரறிந்த பிரச்சினையானது, ஏனெனில் அதில் ஒரு விலை எழுதியிருந்தது. பூங்காவாக மாறும் திடலில் விலை எழுதியிருப்பதில்லை. அதனால் சத்தமும் எழுவதில்லை.

சத்தம் எழாததற்கு, யாரைக் கேட்கிறார்கள் என்பதும் காரணம். திட்டம் தீட்டும்போது கருத்துச் சொல்ல அழைக்கப்படுவது நலச் சங்கம். சங்கத்தில் உறுப்பினர் பெரும்பாலும் வீட்டு உரிமையாளர், நடுவயதைக் கடந்தவர், நடைப்பயிற்சி செய்பவர். கிரிக்கெட் ஆடும் பையன்களுக்கு அணியின் பெயர் அச்சிட்ட டி-ஷர்ட் உண்டு, பதிவு பெற்ற சங்கம் கிடையாது. பாதிப் பேருக்கு ஓட்டு வயதும் ஆகவில்லை. வாடகைக் குடித்தனக்காரர் அடுத்த ஆண்டு எந்தத் தெருவில் இருப்பார் என்பதே நிச்சயமில்லை. நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழுவும் பகுதி சபாவும் அமைக்க 2022-இல் தமிழ்நாடு அரசு விதிகள் வெளியிட்டது. பகுதி சபா, அந்தப் பகுதியில் வாக்காளராக இருப்பவர் எவரும் பேசக்கூடிய மேடை. அங்கேயும் பேச்சு குப்பை, சாக்கடை, தெருவிளக்கு என்று போய்விடுவது இயல்பு.

இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள முடியாதா என்றால், முடிந்த இடங்கள் இருக்கின்றன. மும்பையின் ஓவல் மைதானம் ஏறக்குறைய 22 ஏக்கர். பராமரிப்பின்றிச் சீரழிந்து கிடந்த அதற்காக 1990களில் சுற்றிலும் வசிப்பவர்களின் சங்கம் போராடியது. வேலி வந்தது, ஓரங்களில் மரங்கள் வந்தன, குறுக்கே நடந்துபோகப் பாதை இருக்கிறது. நடுவில் பிட்ச்சுகள் அப்படியே இருக்கின்றன. ஒரு பக்கம் விக்டோரிய கோதிக் கட்டடங்களும் மறுபக்கம் ஆர்ட் டெகோ வீடுகளும் பார்த்துக்கொண்டிருக்க ஆட்டம் நடக்கிறது. அந்தக் கட்டடத் தொகுதியை 2018-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது ஓவலும் அதன் நடுவே இருந்தது. 22 ஏக்கரில் எதையும் செய்யலாம் என்று சொல்லக்கூடும். ஆனால், அங்கே பின்பற்றிய முறைக்குப் பரப்பு பெரிய தடையல்ல: ஓரத்தை நடப்பவருக்கும் மரத்துக்கும் கொடுத்து, நடுவைத் தொடாமல் விடுவது.

மேலே சொன்ன 60-க்கு 40 திடலிலும் இதைச் செய்யலாம். வேலியோரத்துச் செடி வரிசையை விட்டுவிட்டு, அங்கே நிழல் மரங்களை மட்டும் நட்டு, அவற்றுக்கு அடியிலேயே 2 மீட்டரில் நடைபாதை போட்டால் நடுவில் 56-க்கு 36, அதாவது 2,016 சதுர மீட்டர் மண் தரை மிஞ்சும். மொத்தத்தில் 84 சதவீதம். குழந்தைகளின் ஊஞ்சலுக்கு ஒரு மூலை கொடுத்த பிறகும் ரப்பர் பந்து கிரிக்கெட்டுக்கும், கபடிக்கும், கைப்பந்துக்கும் அது போதும். வீடுகள் இருக்கும் பக்கத்தில் உயரமாக நைலான் வலை கட்டினால் சன்னல் சண்டை தீரும். கல் பதிக்காத தரை மழைநீரையும் கொஞ்சம் உள்ளே விடும்; சென்னை மாநகராட்சி அண்மை ஆண்டுகளில் தனியாக 'ஸ்பாஞ்ச் பார்க்' என்று அமைத்துச் செய்ய முயல்வதில் ஒரு பங்கு இதிலேயே நடந்துவிடும். மதிப்பீட்டுத் தொகை குறையும் என்பது ஒன்றுதான் இதில் குறை.

தீராமல் நிற்பது நேரப் பங்கீடு. மாலையில் சிறுமிகளுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குவது, இருட்டிய பிறகு விளக்குகளை எரியவிடுவது, நண்பகலில் பூட்டாமல் இருப்பது எல்லாம் காவலாளியிடம் சொன்னால் நடக்கிற காரியங்கள். ஞாயிறு காலை ஆறு முதல் ஒன்பது வரைதான் கடினம். நடப்பவர்களும் ஆடுபவர்களும் கேட்பது அதே மூன்று மணி நேரத்தை. நடப்பவர்களுக்கு மற்ற ஆறு காலைகளும் இருக்கின்றன. ஆடுபவர்களில் பலருக்கு அந்த ஒன்றுதான் கிடைக்கிறது. அந்த ஒரு காலையை யாருக்கு எழுதுவது என்பதைப் பலகை எழுதுபவர் முடிவுசெய்வதற்கு முன்பு பகுதி சபாவில் ஒருமுறை கேட்டுவிடலாம், இரண்டு தரப்பையும் உட்காரவைத்து.